அடைக்கலான் குருவியும் நாம் இடும் இரையும்

உண்ணுமுன் ஒரு கவளத்தைப் பறவைக்கு வைத்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். முற்றத்தில் அரிசிமாவினால் கோலமிடுதலும், களத்தில் சிந்திய மணிகளை முற்றும் பொறுக்கிக்கொள்ளாது விட்டு வருதலும், அறுவடைக் காலத்தில் நெற்கதிர்க் கொத்தொன்றைத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுதலும் சிற்றுயிர்களும் நம்மோடு உண்ணவேண்டும் என்னும் கருணையின்பாற் பட்டனவே. இக்காலத்தில் அவ்வழக்கம் வேறொரு வடிவம் பெற்றிருக்கிறது. 2010 ஆம் ஆண்டு முதல் மார்ச்சுத் திங்கள் 20 ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. மாணவர் மரப்பெட்டிகளை மாட்டுவதும், மண்தட்டுகளில் கம்பும் தினையும் அரிசியும் நிரப்பி வைப்பதும் இன்று நம் ஊர்களிற் காணும் காட்சிகளாம்.

இச்செயல் நன்றே. ஆயினும், நன்மை கருதிச் செய்யும் செயலெல்லாம் நன்மையிலேயே முடியும் என்பதற்கில்லை. நாம் வைக்கும் தட்டு குருவிக்கு எப்பொழுது உணவாகிறது, எப்பொழுது நோய்க்கு வாயிலாகிறது? இவ்வினாவைச் சேலம் நாமக்கல் சமவெளியை முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இனமும்

ஊர்க்குருவி, சிட்டுக்குருவி, அடைக்கலான் குருவி என்று நாம் இப்பறவைக்குப் பல பெயர் வழங்குகிறோம். தமிழ் வேதாகமத்தில் வழங்குவது அடைக்கலான் குருவி என்னும் பெயரே. மனிதனுடைய கூரையை அடைக்கலமாகக் கொண்டு வாழ்தலின் இப்பெயர் மிகவும் பொருத்தமுடையதாகிறது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 10 ஆம் அதிகாரத்தில் இக்குருவி ஒரு காசுக்கு இரண்டாக விற்கப்படுகிறது. லூக்கா எழுதியதன் 12 ஆம் அதிகாரத்திலோ இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்படுகிறது. கணக்கிட்டு நோக்கின், ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, அது கொசுறு. அந்தக் கொசுறுக் குருவியையும் ஆண்டவர் மறப்பதில்லை என்பதே அங்கு நமக்குப் போதிக்கப்படும் உண்மை.

பறவை நூலார் ஃபிஞ்சு என்று கூறும் குலம் வேறு. சிட்டுக்குருவியின் குலம் வேறு. நம் சோளக் கொல்லைகளிலும் புல்வெளிகளிலும் கூட்டமாய் எழுந்து அமரும் சில்லைகளும், கிணற்றோரத்து மரங்களிலும் பனை ஓலைகளிலும் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவிகளும் தனித்தனிக் குலத்தினவே. எனினும், குட்டையாய்த் தடித்துக் கூம்பிய அலகும், விதையை உடைத்து உண்ணும் இயல்பும், கூட்டமாய் இரை தேடும் வழக்கமும் இவை யாவற்றிற்கும் பொதுவாம். ஆதலின், மேல்நாட்டு ஃபிஞ்சுகளுக்கு இரைத்தட்டில் நேர்ந்தவற்றை ஆராய்வது நம் குருவிகளின் நலத்தை உணர்தற்கும் பயன்படும்.

புலவர் கண்ட மூன்று தேவைகள்

குறுந்தொகையின் 46 ஆம் செய்யுள் மாமலாடன் என்னும் புலவர் பாடியது. பிரிந்து சென்ற தலைவனை நினைந்து வருந்தும் தலைவி, மாலைப்பொழுதும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தோழியை வினவுவதாக அமைந்தது. அம்மாலைப் பொழுதைக் காட்டப் புலவர் எடுத்துக்கொண்டது வீட்டில் உறையும் குருவியை. வாடிய ஆம்பலின் நிறமுடைய சிறகினையுடைய அக்குருவி, முற்றத்தில் உலரவைத்த தானியத்தைத் தின்கிறது; ஊர்ப் பொதுவிடத்தில் உலர்ந்த எருவின் நுண்ணிய துகளைக் குடைந்து ஆடுகிறது; பின்னர் வீட்டு இறப்பில் தன் குஞ்சோடு தங்குகிறது.

இலக்கியச் சுவையை ஒருபுறம் வைத்து, இயற்கை நூல் வல்லார் எழுதிய குறிப்பாகவே இதனைக் கொள்ளினும் குறைவில்லை. இரை, புழுதி, இறப்பு என்னும் மூன்றும் இங்கே முறையாகக் கூறப்பட்டன. புழுதியாடுதல் விளையாட்டன்று, இறகில் மிகுந்த எண்ணெய்ப் பசையை நீக்கவும், பேன் முதலிய ஒட்டுண்ணிகளைக் குறைக்கவும் பறவை கொள்ளும் குளியல் அது. எருக்குவியலோ பூச்சி புழுக்கள் பெருகும் இடமுமாகும். தாய்க்குருவி தானியம் தின்று வாழினும், பொரித்த குஞ்சுக்கு முதலில் ஊட்டுவன மென்புழுக்களும் பூச்சிகளுமே. ஆகவே, தானியத்தட்டு ஒன்றை மட்டும் வைத்துக் குருவியைக் காத்துவிட்டோம் என்று எண்ணுவது மூன்றில் ஒன்றைக் கொடுத்து முழுக்கடனும் தீர்த்ததாகக் கொள்வதை ஒக்கும்.

சமவெளியில் நேர்ந்த மாறுதல்

இம்மூன்றும் நம் சமவெளியில் எவ்வாறு மாறின என்று நோக்குவோம். முன்னாளில் சோளமும் கம்பும் கேழ்வரகும் வீட்டு முற்றங்களில் உலர்ந்தன. உரலிற் குற்றப்பெற்று முறத்திற் புடைக்கப்பெற்றன. ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் முன்னர்க் குருவிக்கு உரிய பங்கு தானாகவே சிந்திற்று. இன்று அரிசி துப்புரவாக்கப்பட்டுப் பையில் அடைபட்டு வருகிறது. கொல்லைகள் பலவற்றில் மரவள்ளி விளைகிறது. அதன் கிழங்கு சேலம் நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981 ஆம் ஆண்டில் சேலத்தில் ஏற்பட்டமை இத்தொழிலின் பெருக்கத்திற்குச் சான்று. உழவர்க்கு இது நற்பயிரே. ஆனால், மண்ணுக்குள் விளையும் கிழங்கில் குருவி கொத்தத்தக்க மணி யாதும் இல்லை. முற்றங்கள் சிமெண்டுத் தளமாயின, புழுதி ஒழிந்தது. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் தட்டை மாடிகளாயின. இறப்பும் சந்தும் மறைந்தன.

இதனைக் கொண்டு, சிட்டுக்குருவி இந்நாட்டில் அழிந்தே போயிற்று என்று சிலர் கூறுவது மிகையாகும். பறவை நோக்குவோர் பல்லாயிரவர் எழுதி வைத்த குறிப்புகளைத் தொகுத்து 2020 ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் ஒருங்கே நோக்கின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இக்குருவியின் தொகை பெரிதும் மாறவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்றும் கூறுகிறது. கைப்பேசிக் கோபுரமே குருவியை அழித்தது என்னும் பேச்சும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. இரையும் புழுதியும் இறப்பும் உள்ள இடத்தில் குருவி வாழ்கிறது. அவை நீங்கிய இடத்தை விட்டு அதுவும் நீங்குகிறது என்பதே நேரிய முடிபு.

நீங்கிய குருவி புதிய பந்தியைத் தேடுகிறது. அரிசி ஆலையின் வாயிலும், மளிகைக் கடையின் முன்புறமும், பேருந்து நிலையத்துத் தின்பண்டக் கடையும் அதற்குக் களமாயின. இவையெல்லாவற்றினும் பெரிய பந்தி கோழிப்பண்ணை. சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து 1997 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்குப் பெயர்பெற்ற நாடு. அங்குள்ள பண்ணைக் கொட்டகைகள் பலவும் காற்றோட்டத்தின் பொருட்டுப் பக்கங்கள் திறந்தனவாய் அமைந்தவை. கூண்டு வரிசையின் முன் நீளும் தொட்டியில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனம் நாள்தோறும் நிரம்பும். வலையில்லாத இடத்தில் குருவி நுழைந்து உண்ணுதல் இயல்பே. மனிதனோடு வாழ்ந்த பறவை கோழியோடு உண்ணும் பறவையாயிற்று. நோய் பற்றிய ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

நோய் செல்லும் இருவழி

கோழி வளர்ப்போர் அஞ்சும் நோய்களுள் வெள்ளைக் கழிச்சல் ஒன்று. 1926 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் சாவகத் தீவிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டது. அது பற்றியே நம் நாட்டில் அதற்கு இராணிக்கேத் நோய் என்று பெயர். எச்சத்தாலும், மூக்குநீராலும், அழுக்குற்ற தீவனத்தாலும், நீராலும், மனிதரின் ஆடை செருப்புகளாலும் அது பரவும். ஆதலின், காட்டுப் பறவைகள் புகாதபடி கொட்டகைக்கு வலையிடுக என்று கால்நடை மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.

பறவையிடமிருந்து கோழிக்கு நோய் வரக்கூடும் என்பதனை நாம் எளிதில் நினைக்கிறோம். கோழியின் நோய் பறவைக்குச் செல்லவுங் கூடும் என்பதனை நினைப்பவர் சிலரே. இதற்கு அமெரிக்காவிலே நிகழ்ந்த செய்தி ஒன்று சான்றாகும்.

அந்நாட்டின் மேற்குப் பகுதிக்குரிய வீட்டு ஃபிஞ்சு என்னும் சிறு பறவையைக் கூண்டுப் பறவை வணிகர் கிழக்கே கொணர்ந்து விற்றனர். அவ்வாறு கொணரப்பட்டவற்றுட் சில 1940 ஆம் ஆண்டளவில் நியூயார்க்குப் பகுதியில் வெளியே விடப்பட்டன. அவை பல்கிக் கிழக்குப் பகுதி முழுவதும் பரவி, வீடுதோறும் தொங்கும் இரைத்தட்டுகளில் நாள்தோறும் விருந்துண்டன. 1993-94 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வாஷிங்டன் நகரை அடுத்த இடங்களில், கண் சிவந்து வீங்கி இமை ஒட்டிப்போன ஃபிஞ்சுகளை வீட்டார் கண்டனர். ஆராய்ந்தபொழுது, மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்னும் நுண்ணுயிரே காரணம் எனத் தெரிந்தது. கோழிகளிலும் வான்கோழிகளிலும் நெடுநாளாக அறியப்பட்டிருந்த நுண்ணுயிர் அது. நம் பண்ணையாளர் நாட்பட்ட சுவாச நோய் என்று கூறுவதற்குக் காரணமாயிருப்பதும் அதுவே. சில ஆண்டுகளுக்குள் அந்நோய் கிழக்குப் பகுதி முழுவதும் பரவிற்று. நோய் சென்ற பல இடங்களில் அப்பறவையின் தொகை ஏறத்தாழச் செம்பாதியாயிற்று. அந்நுண்ணுயிர் பறவையைப் பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. பார்வை மங்கிய பறவை இரை காணாது மெலிந்து இறக்கிறது. அல்லது பூனைக்கும் பருந்துக்கும் இரையாகிறது.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது மற்றொன்று. புறாக்களின் தொண்டையில் தங்கும் டிரைக்கோமோனாஸ் காலினே என்னும் ஓரணுவுயிர் 2005 ஆம் ஆண்டளவில் பச்சை ஃபிஞ்சு என்னும் பறவையைப் பற்றிற்று. 2006 இல் பெருநோயாயிற்று. தொண்டை புண்பட்டு, விழுங்க முயன்று விழுங்கமாட்டாது, வாயினின்று இரையை உதிர்த்து அவை மாண்டன. ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த அவற்றின் தொகை 2009 ஆம் ஆண்டிற்குள் 28 இலட்சமாகக் குறைந்தது என்று கணக்கிட்டுள்ளனர். 2021 ஆம் ஆண்டில் அப்பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தட்டின் தீமை யாது?

இவ்விரு நாட்டிலும் நோயைப் படைத்தது இரைத்தட்டு அன்று. ஆயினும், நோய் ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும் பாலமாக நின்றது அதுவே. இஃது எவ்வாறெனின் கூறுதும். கொல்லையில் மேயும் குருவிக்கூட்டம் பரந்து மேய்கிறது. இன்று ஓரிடத்தும் நாளை வேறோரிடத்தும் அமர்கிறது. தட்டிலோ பல அலகுகள் ஒரே இடத்தைத் தீண்டுகின்றன. எச்சமும் எச்சிலும் இரையோடு கலக்கின்றன. புறாவும் சில்லையும் சிட்டும் ஆகிய வெவ்வேறு குலங்கள் ஒரே கலத்தில் உண்கின்றன. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நோயுற்ற பறவைக்குத் தொலைவிற் சென்று இரை தேடும் வலியில்லை. ஆகவே அது தட்டைவிட்டு அகலாது நெடுநேரம் அங்கேயே தங்குகிறது. பந்திக்கு முதலில் வந்து இறுதியில் எழும் விருந்தாளி நோயாளியே. நாமோ, இக்குருவி நம்மிடம் அஞ்சாது பழகுகிறது என்று மகிழ்கிறோம்.

இனி இரையினாலேயே வரும் தீங்கும் உண்டு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பற்றிய நிலக்கடலைப் புண்ணாக்கு அவற்றின் தீவனத்திற் கலந்திருந்தமையே காரணம். அப்பூசணத்தில் விளையும் நஞ்சை அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். நிலக்கடலையும் மக்காச்சோளமும் நம் பகுதியிற் பெரிதும் வழங்குவன. ஈரத்தில் வைத்தால் இரண்டினும் அப்பூசணம் பற்றும். கோழித் தீவனத்தில் இந்நஞ்சு உண்டா என்று சோதித்துப் பார்ப்பது இன்று பண்ணைத் தொழிலின் இன்றியமையாத பகுதியாயிற்று. அவ்வாறிருக்க, நமக்கு ஆகாதென்று கழித்த பூசண மணியைக் குருவிக்கு வீசுதல் ஈகையாகுமா? உப்பும் எண்ணெயும் மிகுந்த காரத் தின்பண்டங்களின் மிச்சமும் அத்தன்மையதே. ஒரு கைப்பிடி எடையுமில்லாத உடலுக்கு நம் நாவிற்கு ஏற்ற உப்பு பெருந்தீங்காகும்.

செய்யத்தக்கன

அவ்வாறாயின் இரையிடுதலை விட்டொழிப்பதோ? அன்று. அமெரிக்காவில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தே தீரும் என்பது என் கருத்துமன்று. இரையிடுவோர்க்குச் சில கடமைகள் உண்டு என்பதே கருத்து. அவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, தட்டினும் கதிர் நன்று. நெல், தினை, கம்பு ஆகியவற்றின் கதிரைக் கட்டித் தொங்கவிட்டால் குருவி ஒவ்வொரு மணியாகக் கொய்து உண்ணும். எச்சம் கீழே விழுமேயன்றி இரையிற் கலப்பது அரிது. நம் முன்னோர் வழக்கத்தில் இத்துணை நலம் அடங்கியிருந்தது.

இரண்டாவது, தட்டிலேயே இடுவதாயின், மாலைக்குள் தீரும் அளவே இடுக. ஒரே இடத்தில் மிகுதியாக இடாது பல இடங்களிற் சிறிது சிறிதாக இடுக. அவ்விடங்களையும் இடையிடையே மாற்றுக.

மூன்றாவது, நீர்க்கலத்தை நாள்தோறும் கவிழ்த்துப் புதுநீர் பெய்க. இன்றேல் கொசுவும் பெருகும். அம்மை போன்ற பறவை நோய்களைக் கொசு பரப்பும். வாரம் ஒருமுறையேனும் கலங்களைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்துக. டிரைக்கோமோனாஸ் ஈரத்தில் வாழ்வது. காய்ந்த இடத்தில் அது நிலைத்திராது. சேலத்து வெயிலை நாம் பழிக்கிறோம். கலம் உலர்த்தும் வேலைக்கு அதனினும் மலிந்த துணை வேறில்லை.

நான்காவது, உற்று நோக்குக. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருத்தல், கண் வீங்குதல், மூச்சு வாங்குதல், இரையை வாயினின்று உதிர்த்தல், அருகே சென்றாலும் பறவாதிருத்தல் என்பன நோயின் குறிகள். இவற்றைக் கண்டால் இரண்டு மூன்று வாரத்திற்கு இரையிடுவதை நிறுத்திக் கலங்களைத் தூய்மை செய்க. கூட்டம் கலைந்தால் நோயும் தளரும். நிறுத்துதல் கொடுமை போலத் தோன்றினும் அவ்வேளையில் அதுவே இரக்கமாம். இறந்த பறவையை வெறுங்கையால் தொடற்க. பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடப்பின் கால்நடை மருத்துவர்க்கு அறிவிக்க.

ஐந்தாவது, வீட்டில் கோழி வளர்ப்போர் கோழியின் தீவனத்தையும் குருவியின் இரையையும் வெவ்வேறிடத்தில் வைக்க. கோழிக் கூட்டின் அருகே குருவித்தட்டு வைத்தல் இருவர்க்கும் தீது.

ஆறாவதும் தலையாயதும் யாதெனின், புலவர் கூறிய ஏனைய இரண்டையும் திரும்பக் கொடுத்தலாம். வளாகத்தின் ஒரு மூலையிலேனும் சிமெண்டு பூசாது உலர்ந்த புழுதிக்கு இடம் விடுக. பூச்சிகள் தங்கும் புதர்களையும் செடிகளையும் மருந்து தெளிக்காது வளர்க்க. ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத் துளையுடைய பெட்டிகளை வெயில் நேரே தாக்காத நிழலில் மாட்டி, குஞ்சுகள் பறந்து போய்விட்டன என்று தெளிந்த பின்னர்ப் பழைய கூட்டை அகற்றித் தூய்மை செய்க.

நோக்கும் கண்ணின் பயன்

இவை பறவை நூல் கற்றார்க்கே உரிய வேலை என்று கருதவேண்டா. அமெரிக்க ஃபிஞ்சுகளின் கண்ணோயை முதலிற் கண்டவர் தம் வீட்டுச் சன்னலின் வழியே பார்த்திருந்த பொதுமக்களே. நம் நாட்டுப் பறவை நூலறிஞர் சாலிம் அலி (1896-1987) சிறுவராயிருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்றுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அவ்வொரு வினாவே அவர் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டிற்று. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்றிற்கு அவர் ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படவே பெயரிட்டார். நம் கல்லூரியிலும் விடுதிகளிலும் இரையிடும் மாணவர் ஒரு குறிப்பேடு வைத்து, வந்த பறவை யாது, எத்தனை, நோய்க்குறி உண்டா என்று நாள்தோறும் எழுதி வருவராயின், சில ஆண்டுகளில் அக்குறிப்பேடு இச்சமவெளியின் பறவைகளைப் பற்றிய நல்லதோர் ஆவணமாகும்.

தட்டுக் கழுவுதல் இத்துணைப் பெரிய அறமோ என்று சிலர் நகைக்கக்கூடும். தமிழ் மக்கள் அடைக்கலம் என்னும் சொல்லுக்குக் கொடுத்த பெருமையை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. சிலப்பதிகாரத்தில், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மடந்தையிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி அன்போடு இல்லம் அளித்தாள். உணவுக்கு வேண்டுவன அளித்தாள். பின்னர் நேர்ந்த தீங்கு அவள் செய்ததன்று. எனினும், அடைக்கலப் பொருளைக் காத்திலேன் என்று நொந்து அவள் எரியிற் புகுந்தாள். அடைக்கலம் ஏற்றோர் உணவளித்த அளவில் தம் கடன் முடிந்ததாகக் கருதலாகாது. அடைந்தவர் நலத்துக்குத் தாமே பொறுப்பு என்று கொள்ளல் வேண்டும் என்பதே அவள் வாழ்வு கற்பிக்கும் பாடம். அடைக்கலான் என்று நாமே பெயரிட்டு அழைக்கும் குருவிக்குத் தட்டு நிறைய இரையிட்டு, அத்தட்டிலே நோய் வளரவிடுவோமாயின், அப்பெயரை வழங்க நமக்கு உரிமை யாது? காசு பெறாத ஐந்தாம் குருவியையும் மறவாத ஆண்டவரை வணங்கும் நாம், தட்டை நிரப்பும் கையாலேயே அதனைக் கழுவவும் கற்றுக்கொள்வோமாக.